மரமா, கார்பனா, பறக்கும்போதே பிட்ச் மாறுவதா: ரோட்டாக்ஸ் 582 என்ஜினுக்கு எந்தப் புரொப்பெல்லர்?

ரோட்டாக்ஸ் 582 என்ஜின் பொருத்திய இரு இருக்கை அல்ட்ராலைட் விமானம் ஒன்றை வைத்திருப்பவரோ கட்டிக்கொண்டிருப்பவரோ புரொப்பெல்லர் வாங்கப் புறப்படும்போது அவர் முன் நிற்பவை பெரும்பாலும் மூன்று வழிகள்தான். ஒன்று, இரண்டு பிளேடு கொண்ட, பிட்ச் (பிளேடின் சாய்வு; அது கூடினால் ஒரு சுற்றில் முன்னேறும் தூரமும் கூடும்) மாற்ற முடியாத மரப் புரொப்பெல்லர். அடுத்தது, விமானத்தைத் தரையில் நிறுத்திவைத்து பிட்சைத் திருத்திக்கொள்ளக்கூடிய, பெரும்பாலும் மூன்று பிளேடு கொண்ட கார்பன் ஃபைபர் புரொப்பெல்லர். கடைசியானது, பறந்துகொண்டிருக்கும்போதே விமானி ஒரு சுவிட்சை அழுத்தி பிட்சை மாற்றிக்கொள்ளும் வகை. விலையும் ஏறத்தாழ இதே வரிசையில்தான் ஏறுகிறது என்பதால், கையில் பணம் இருப்பவர் மூன்றாவதையும் இல்லாதவர் முதலாவதையும் வாங்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேகம் குறைந்த விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டாவது வகைதான் பொருத்தம், சில கியர்பாக்ஸ்களுக்கு முதலாவதே சரியான வழி, மூன்றாவதற்கு இந்த வகை விமானத்தில் செலவழிக்கும் பணம் வீண். ஆனால் முடிவைவிட அதற்கு இட்டுச் செல்லும் கணக்கு முக்கியம். என்ஜினோ கியர் விகிதமோ மாறினால் முடிவும் மாறிவிடும்.

இங்கே நான் மனத்தில் வைத்திருப்பது காற்றுத்தடை மிகுந்த, நிதானமாகப் பறக்கும் விமானம். பெங்களூரின் ராஜ் ஹம்சா நிறுவனம் தயாரித்து வெளிநாடுகளுக்கும் அனுப்பிய எக்ஸ்-ஏர் அதற்கு நல்ல உதாரணம். அலுமினியக் குழாய்களால் ஆன சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, இறக்கைக்கு முட்டுக் கொடுக்கும் குழாய்கள், மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயண வேகம், மேலேறும்போது 75 கிலோமீட்டர் அளவில் முன்னோக்கிய வேகம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இரண்டு வேகங்களுக்கும் இடையே வெறும் 25 கிலோமீட்டர்தான் வித்தியாசம். மேலே சொன்ன என் முடிவு பெரும்பாலும் இந்தக் குறுகிய இடைவெளியிலிருந்துதான் பிறக்கிறது.

முதலில் என்ஜின். 582 என்பது 580.7 சி.சி. கொள்ளளவுள்ள, நீரால் குளிர்விக்கப்படும் இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் என்ஜின். 6500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6500 சுற்று) சுமார் 64 குதிரைத்திறன் தருகிறது. 6000 ஆர்பிஎம்மில் 75 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. 6800 ஆர்பிஎம்மைத் தாண்டக் கூடாது. இங்கே பேசும் அளவுள்ள எந்தப் புரொப்பெல்லரையும் 6500 வேகத்தில் நேரடியாகச் சுழற்றினால் அதன் முனை ஒலியின் வேகத்தைத் தாண்டிச் சத்தமாகவும் வெப்பமாகவும் திறனை வீணாக்கும். எனவே இடையில் கியர்பாக்ஸ் வருகிறது. ரோட்டாக்ஸின் பி வகைக் கியர்பாக்ஸில் 2.00, 2.24, 2.58 ஆகிய விகிதங்கள் உண்டு. சி வகையிலும், மின்சார ஸ்டார்ட்டரைத் தன்னுள் கொண்ட இ வகையிலும் 2.62, 3.00, 3.47, 4.00 ஆகியவை உண்டு. என்ஜின் 6500 ஆர்பிஎம்மில் ஓடும்போது 2.62 விகிதத்தில் புரொப்பெல்லர் நிமிடத்துக்குச் சுமார் 2480 முறையும், 3.47 விகிதத்தில் சுமார் 1870 முறையும் சுற்றும். 68 அங்குல விட்டமுள்ள புரொப்பெல்லரின் முனை வேகம் முதல் கணக்கில் விநாடிக்கு 224 மீட்டர். இரண்டாவதில் 169 மீட்டர். ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் என்பதால் இரண்டுமே பாதுகாப்பான எல்லைக்குள்தான் இருக்கின்றன. ஆனால் பக்கத்து வயலில் நிற்பவரின் காதுக்கு இரண்டும் ஒன்றல்ல.

புரொப்பெல்லர் தேர்வில் பலரும் பிளேடுகளின் எண்ணிக்கையையும் பொருளையும்தான் முதலில் பேசுகிறார்கள். நான் விட்டத்தை முதலில் பேசுவேன். நின்ற நிலையில் ஒரு புரொப்பெல்லர் தரக்கூடிய உந்துவிசை, திறனையும் விட்டத்தையும் பெருக்கி வரும் எண்ணின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனமானது என்பதுதான் இதன் பொருள். அதே 64 குதிரைத்திறனை 60 அங்குலப் புரொப்பெல்லருக்குப் பதிலாக 72 அங்குலத்துக்குக் கொடுத்தால், மற்றவை சமமாக இருக்கும்போது, உந்துவிசை சுமார் 13 சதவீதம் கூடுகிறது. என்ஜினில் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் கிடைக்கும் ஆதாயம் இது. 1903இல் ரைட் சகோதரர்கள் வெறும் 12 குதிரைத்திறன் என்ஜினை வைத்துக்கொண்டு எட்டரை அடி விட்டமுள்ள இரண்டு புரொப்பெல்லர்களைச் சங்கிலியால் இணைத்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 சுற்று என்ற மந்த வேகத்தில் சுழற்றியது இதே காரணத்தால்தான். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் கழித்து வந்த தொடக்ககால அல்ட்ராலைட்களில் சிறிய புரொப்பெல்லரை என்ஜினோடு நேரடியாகப் பொருத்திப் பறந்தவர்கள், காது கிழியும் சத்தத்தையும் சோர்வான ஏற்றத்தையும் அனுபவித்த பின்னரே வேகக் குறைப்புக்குத் திரும்பினார்கள்.

இதை ஓர் ஒப்பீட்டால் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். எக்ஸ்-ஏர் விமானத்தில் 582க்குப் பதிலாக ஜபிரு 2200 என்ற நான்கு ஸ்ட்ரோக் என்ஜினையும் பொருத்துகிறார்கள். அது 3300 ஆர்பிஎம்மில் 85 குதிரைத்திறன் தருவது, கியர்பாக்ஸ் இல்லாமல் புரொப்பெல்லரை நேரடியாகச் சுழற்றுவது. அந்த வேகத்தில் 60 அங்குலப் புரொப்பெல்லரின் முனையே விநாடிக்கு 263 மீட்டரைத் தொட்டுவிடும். எனவே விட்டத்தை அதற்கு மேல் அதிகம் கூட்ட வழியில்லை. 85ஐ 60ஆல் பெருக்கினால் 5100. 64ஐ 72ஆல் பெருக்கினால் 4608. மூன்றில் இரண்டு அடுக்குக் கணக்குப்படி, குதிரைத்திறனில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உள்ள ஜபிருவுக்கு நின்ற நிலை உந்துவிசையில் கிடைக்கும் ஆதாயம் ஏறத்தாழ 7 சதவீதம் மட்டுமே. அதுவும் ஓடுபாதையில் நிற்கும்போதே அது 3300 ஆர்பிஎம்மை எட்டும் என்று வைத்துக்கொண்டால்தான், நடைமுறையில் எட்டுவதில்லை. ஜபிருவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எரிபொருள் சிக்கனத்திலும் நான்கு ஸ்ட்ரோக்கின் நிதானத்திலும் அதற்குத் தனி மதிப்பு உண்டு. வேகம் குறைந்த விமானத்தில் குதிரைத்திறனை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அதனால்தான் புரொப்பெல்லருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கியர் விகிதத்தை மாற்றுவதற்குச் செலவிடலாம் என்று பலருக்கும் சொல்லி வருகிறேன், 2.62இலிருந்து 3.47க்குப் போய், தரை இடைவெளி அனுமதிக்கும் அளவுக்குப் பெரிய புரொப்பெல்லரைப் பொருத்தினால் ஏற்றம் கண்கூடாக மேம்படும்.

தரை இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தை. சக்கரத்தில் காற்று குறைந்து, முன்சக்கரத்தின் ஸ்பிரிங் முழுவதும் அமுங்கிய நிலையிலும் முனைக்கும் தரைக்கும் இடையே போதிய இடம் இருக்க வேண்டும். கொட்டகையில் விமானம் சமமாக நிற்கும்போது அளந்த இடைவெளியை நம்பி வாங்கியவர்கள் முதல் கரடுமுரடான இறக்கத்திலேயே முனைகளைச் சீவிக்கொள்கிறார்கள்.

விட்டம் முடிவானதும் அடுத்த கேள்வி கியர்பாக்ஸ் எதைத் தாங்கும் என்பது. விற்பனையாளர்கள் பலர் வாயைத் திறக்காத எண் ஒன்று இங்கே இருக்கிறது: புரொப்பெல்லரின் நிலைமத் திருப்புத்திறன். எடை எவ்வளவு என்பதோடு, அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும் அளவு இது. டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஒவ்வொரு வெடிப்புக்கும் தன் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டைச் சுண்டிவிட்டு அடுத்த கணமே தளர்கிறது. புரொப்பெல்லரோ ஒரே சீராகச் சுற்றவே விரும்புகிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு அடிபடுவது கியரின் பற்கள். பி வகைக் கியர்பாக்ஸுக்கு 3000 கிலோகிராம் சதுர சென்டிமீட்டர், சி, இ வகைகளுக்கு 6000 என்று உற்பத்தியாளர் எல்லை வகுத்திருப்பது அதனால்தான். சி, இ வகைகளில் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் கியருக்கும் இடையே தடித்த ரப்பர் இணைப்பு இருப்பதால் அவை கனமான புரொப்பெல்லரைப் பொறுத்துக்கொள்கின்றன. ஆகவே பி வகைக் கியர்பாக்ஸ் வைத்திருப்பவர் 68 அங்குல, மூன்று பிளேடு கொண்ட, உள்ளே வெற்றிடமில்லாத கெட்டிக் கார்பன் புரொப்பெல்லரை மாட்டுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பறக்கும், நன்றாகவே பறக்கும்; பற்கள் தேய்ந்து உள்ளே உலோகத் துகள் சேர்வது வெளியே தெரியாது. வாங்குவதற்கு முன் உற்பத்தியாளரிடம், தான் வாங்கப்போகும் விட்டத்துக்கும் பிளேடு எண்ணிக்கைக்கும் உரிய திருப்புத்திறனை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அந்த எண்ணைத் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

மரத்துக்கு உண்மையான பலம் இங்கேதான் வெளிப்படுகிறது. இரண்டு பிளேடு மரப் புரொப்பெல்லர் இலகுவானது, திருப்புத்திறன் குறைந்தது, அதிர்வை உள்ளுக்குள்ளேயே விழுங்கிக்கொள்வது. பலகை பலகையாக ஒட்டிச் செதுக்கிய அந்த மரத்துக்கு உலோகத்துக்குள்ள களைப்பு நோய் கிடையாது. தரையில் பட்டால் சிம்பு சிம்பாக உடைந்து தன்னைப் பலிகொடுத்து, கியர்பாக்ஸுக்கும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் போகும் அடியைக் குறைத்துவிடும். அதற்காகத் தரையில் பட்ட பிறகு கியர்பாக்ஸைத் திறந்து பார்க்காமல் இருக்கலாம் என்று பொருளல்ல. விலையும் குறைவு. பி வகைக் கியர்பாக்ஸ், ஒற்றை இருக்கை, மழையில்லாத இடம் என்ற சூழலில் மரத்தை மிஞ்ச எதுவும் இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் மரத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது ஈரம். மழைக்காலத்தில் மரம் உப்பும், கோடையில் சுருங்கும். உப்பிய மரத்தை இறுகப் பிடித்திருந்த போல்ட்டுகள், அது சுருங்கியதும் தளர்ந்துவிடும். எனவே பருவம் மாறும்போதெல்லாம் இறுக்கத்தை அளக்கும் டார்க் ஸ்பேனரை எடுத்துக் குறித்த அளவுக்கு இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். அளவுக்கு மேல் இறுக்கினால் ஹப் எனப்படும் நடுப்பகுதியில் மர நார்கள் நசுங்கிவிடும். விமானத்தை நிறுத்தி வைக்கும்போது புரொப்பெல்லரைக் கிடைமட்டமாக விட வேண்டும். செங்குத்தாக நின்றால் ஈரம் கீழ்ப் பிளேடுக்கு இறங்கிச் சமநிலை கெட்டுவிடும். மழையில் முழு வேகத்தில் சுழன்றால் முன்விளிம்பின் மேல்பூச்சு உரிந்து மரம் அரிக்கப்படும். கடற்கரையோர ஊர்களில் பறப்பவர்கள் இந்தக் குறையை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது குறை அதைவிடப் பெரியது. பிட்ச் தவறாக அமைந்துவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. பிட்ச் என்பது ஒரு முழுச் சுற்றில் வழுக்கல் இல்லாமல் புரொப்பெல்லர் முன்னேறக்கூடிய தூரம். மரத்தில் அது செதுக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. 68 அங்குலம் விட்டம், 34 அங்குலம் பிட்ச் என்று வாங்கிப் பொருத்திய பிறகு உங்கள் விமானத்தின் காற்றுத்தடைக்கு 32 தான் சரி என்று தெரியவந்தால், முனையைக் கொஞ்சம் வெட்டலாம், அல்லது இன்னொன்று வாங்கலாம். முனையை வெட்டுவது சின்ன வேலை போலத் தெரிந்தாலும் விளைவு சின்னதல்ல: வடிவம் மாறாத ஒரு புரொப்பெல்லர் உறிஞ்சும் திறன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்ப மாறுவதால், 66 அங்குலத்துக்கும் 68 அங்குலத்துக்கும் இடையிலேயே 16 சதவீதம் வித்தியாசம் வந்துவிடுகிறது. ஒரே மாதிரி விமானம், ஒரே என்ஜின், ஒரே கியர் விகிதம் உள்ள இன்னொருவர் திருப்தியாகப் பயன்படுத்தும் அளவைத் தெரிந்துகொண்டு அதையே வாங்குவதுதான் மரத்தில் பாதுகாப்பான வழி. தானே கட்டிய, முன்மாதிரி இல்லாத விமானத்துக்கு மரத்தை வாங்குவது சூதாட்டம்.

தரையில் திருத்தக்கூடிய கார்பன் புரொப்பெல்லர் இந்தச் சூதாட்டத்தை ஒழித்துவிடுகிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உருவான வார்ப் டிரைவ் இந்த வகையில் நீண்ட காலமாகப் பெயர்பெற்றது. அதன் பிளேடுகள் முழுக்கக் கெட்டிக் கார்பன். முன்விளிம்பில் நிக்கல் தகடு பதித்தும் கிடைத்தன. ஒரு பிளேடு சேதமானால் அதை மட்டும் மாற்றலாம். உறுதிக்குக் கொடுக்கும் விலை எடை. பவர்ஃபின், பிரான்சின் ஈ-ப்ராப்ஸ் போன்றவை எடையைக் குறைத்துச் செய்யப்படுவதால் திருப்புத்திறன் கவலை அவற்றில் குறைவு. ஆனால் கல் பட்டால் தாங்கும் திறன் கெட்டிக் கார்பனுக்கே அதிகம். சக்கரங்கள் மண்ணையும் சரளையையும் வாரி இறைக்கும் ஓடுபாதையில், அதுவும் புரொப்பெல்லர் பின்னால் இருக்கும் விமானத்தில், நான் எடையைப் பொறுத்துக்கொண்டு கெட்டிக் கார்பனையே எடுப்பேன்.

பிட்சைத் திருத்தும் வேலை கடினமானதல்ல, ஆனால் பொறுமை கேட்பது. விமானத்தை அசையாதபடி முட்டுக்கொடுத்து நிறுத்தி, பற்றவைப்பை அணைத்து, ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றிவிட வேண்டும். ஒரு பிளேடைக் கிடைமட்டமாகக் கொண்டுவந்து, உற்பத்தியாளர் சொல்லும் இடத்தில் கோணமானியை வைத்து, ஹப் போல்ட்டுகளைத் தளர்த்தி, விரலால் தட்டித் தட்டிக் கோணத்தைக் கொண்டுவர வேண்டும். பிறகு அடுத்த பிளேடை அதே இடத்துக்குச் சுழற்றிக் கொண்டுவந்து அளக்க வேண்டும். கோணமானி இருந்த இடத்திலிருந்து நகரக் கூடாது. இறுக்கும்போது கோணம் சற்றே நழுவும். எனவே இறுக்கிய பிறகு மறுபடியும் அளக்க வேண்டும். பிளேடுகளுக்குள் அரை டிகிரி வித்தியாசம் இருந்தாலே அதிர்வாகக் கையில் தெரியும். 68 அங்குலப் புரொப்பெல்லரில் ஒரு டிகிரி என்பது ஏறத்தாழ மூன்று அங்குலப் பிட்சுக்குச் சமம். என்ஜினின் ஆர்பிஎம் சில நூறு மாறிவிடும். அதோடு, எல்லா முனைகளும் சுழலும்போது ஒரே தளத்தில் போகின்றனவா என்று ஒரு குச்சியை நட்டுப் பார்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் விலகல் இருந்தால் ஹப்பையும் போல்ட்டையும் மீண்டும் கவனிக்க வேண்டும்.

பின்பு வாலை ஒரு மரத்திலோ கனமான வண்டியிலோ கட்டி, சுழலும் தளத்தின் நேர்பக்கத்தில் யாரும் நிற்காதபடி பார்த்துக்கொண்டு, சில விநாடிகள் முழுத் திராட்டில் கொடுத்துப் பார்க்க வேண்டும். 582க்கு நின்ற நிலையில் 6200 முதல் 6300 வரை காட்டினால் தொடக்கத்துக்கு நல்லது. பறக்கும்போது எதிரே வரும் காற்றால் சுமை குறைந்து, மட்டப் பறப்பில் முழுத் திராட்டிலில் 6500ஐ ஒட்டி வரும், 6800ஐத் தாண்டாது.

ஆர்பிஎம் மட்டுமல்ல, வெப்பமானிகளும் பிட்சின் மீது தீர்ப்புச் சொல்கின்றன. பிட்ச் மிகக் குறைவாக இருந்தால் என்ஜின் சுமையில்லாமல் பறந்து ஓடும்; வெளியேறும் புகையின் வெப்பநிலை 650 டிகிரி செல்சியஸ் எல்லையை நோக்கி ஏறும். டூ ஸ்ட்ரோக் என்ஜின் பிஸ்டன் இறுகி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிட்ச் மிக அதிகமாக இருந்தால் புகையின் வெப்பநிலை இறங்கி ஆறுதலாகத் தெரியும். ஆனால் என்ஜின் தன் திறன் எல்லைக்கு ஏற முடியாமல் மூச்சுத் திணறி, சிலிண்டரில் வெப்பமும் கரியும் சேரும். ஆறாவது கியரில் மலையேறும் மோட்டார் சைக்கிளின் நிலை அது. 5500 ஆர்பிஎம்முக்குக் கீழே 582இன் திறன் செங்குத்தாகச் சரிவதால், அதிகப் பிட்ச் வைத்தால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை இந்த விமானத்தில் பலிப்பதில்லை. ஏற்றமும் போய், வேகமும் வராமல் போய்விடும். ரோட்டாக்ஸின் நான்கு ஸ்ட்ரோக் 912 வரிசை என்ஜின்களுக்கும் இதே அறிவுரை வேறு எண்களில் உண்டு: முழுத் திராட்டிலில் 5200 ஆர்பிஎம்முக்குக் கீழே அதை வேலை வாங்கக் கூடாது, 5800 ஆர்பிஎம் ஐந்து நிமிடத்துக்கு மட்டும், தொடர்ந்து ஓட்ட 5500.

இரண்டு பிளேடா மூன்றா என்ற வாதத்துக்குக் கொடுக்கப்படும் இடம் அதற்குத் தகுந்ததைவிட அதிகம். தூய கணக்கில் இரண்டு பிளேடு சற்றே திறமையானது. மூன்று பிளேடு ஒரே திறனைச் சிறிய விட்டத்திலேயே உறிஞ்சிக்கொள்வதால் தரை இடைவெளி குறைந்த விமானத்துக்கு உதவும், ஓட்டமும் மென்மையாக இருக்கும். புரொப்பெல்லர் பின்னால் இருக்கும் விமானங்களில் இந்த மென்மைக்குத் தெளிவான காரணம் உண்டு: இறக்கையின் பின்னால் கலங்கிய காற்றை இரண்டு பிளேடும் ஒரே நேரத்தில் கடந்தால் சட்டமே நடுங்கும், மூன்றாக இருந்தால் ஒவ்வொன்றாகக் கடக்கும். வாங்கும்போது என்ஜின் முன்னாலா பின்னாலா என்பதைக் குறிப்பிட்டே ஆர்டர் செய்ய வேண்டும். ஒரே என்ஜின் என்றாலும் இரண்டுக்கும் பிளேடின் வளைவு கண்ணாடிப் பிம்பம்போல் எதிரெதிரானது.

இனி மூன்றாவது வழி. பறக்கும்போது பிட்சை மாற்றும் புரொப்பெல்லர்களில் அல்ட்ராலைட் உலகில் பரவலாகத் தெரிந்தது கலிஃபோர்னியாவின் ஐவோப்ராப். அதன் பிளேடுகளுக்குள் ஓடும் ஒரு தண்டை முறுக்கினால் பிளேடே முறுக்கிக்கொண்டு பிட்ச் மாறும். தரையில் திருத்தும் வகையும் அதில் உண்டு. மின்மோட்டாரால் வானிலேயே திருத்தும் வகையும் உண்டு. யோசனை அழகானது, ஒரு சில நிமிடங்களில் எல்லாப் பிளேடும் ஒரே அளவில் மாறிவிடும். ஆனால் பிளேடு அடிமுதல் முனைவரை ஒரே அளவில் திரும்பாமல் முறுக்கிக்கொள்வதால், வடிவமைத்த நடுநிலையிலிருந்து விலக விலகத் திறமை குறையும். ஹப்புக்கும் பிளேடுகளுக்கும் குறுக்கே ஒட்டும் மெல்லிய ஸ்டீல் பட்டைகளை ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் பார்க்க வேண்டும். அந்தப் பட்டை அறுந்திருந்தால் பிளேடுகள் நகர்கின்றன, போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். புதிய பட்டையை ஒட்டிவிட்டுப் பறப்பது தீர்வாகாது.

இந்த வசதி உண்மையில் எவ்வளவு தேவை என்பதைக் கோணக் கணக்கால் பார்க்கலாம். 68 அங்குலப் புரொப்பெல்லர், 2.62 விகிதம், 6500 ஆர்பிஎம்: மையத்திலிருந்து முக்கால் தூரத்தில் பிளேடின் சுழற்சி வேகம் விநாடிக்குச் சுமார் 168 மீட்டர். விமானம் மணிக்கு 75 கிலோமீட்டரில் ஏறும்போது அந்த இடத்தில் காற்று வந்து சேரும் கோணம் ஏறத்தாழ 7 டிகிரி. 100 கிலோமீட்டரில் மட்டமாகப் பறக்கும்போது ஒன்பதரை டிகிரிக்குச் சற்றுக் குறைவு. இரண்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டே கால் டிகிரிதான். நடுவில் ஒரு கோணத்தைத் தரையிலேயே தேர்ந்து இறுக்கிவிட்டால் இரு பக்கமும் இழப்பு ஒரு டிகிரி அளவுக்குத்தான். இதே கணக்கை 100 குதிரைத்திறன் 912 யூஎல்எஸ் பொருத்திய, மணிக்கு 110 கிலோமீட்டரில் ஏறி 220 கிலோமீட்டரில் பறக்கும் வழுவழுப்பான கண்ணாடியிழை விமானத்துக்குப் போட்டால், கோணங்கள் சுமார் 11 டிகிரியும் 21 டிகிரியும் ஆகின்றன. பத்து டிகிரி இடைவெளியை எந்த ஒற்றைப் பிட்ச்சாலும் ஈடுகட்ட முடியாது. அங்கே பறக்கும்போதே மாற்றும் வகை வாங்கிய காசுக்கு வேலை செய்யும். துணியும் குழாயும் கொண்ட விமானத்தில் அதே கருவி கூடுதல் எடையையும், கெட்டுப்போகக்கூடிய ஒரு மோட்டாரையும், இறங்கும் நேரத்தில் விமானி கவனிக்க வேண்டிய இன்னொரு சுவிட்சையும்தான் தரும். அமெரிக்காவில் 2004இல் இலகுரக விளையாட்டு விமானங்களுக்கான விதிகளை வகுத்தபோது நிலையான அல்லது தரையில் திருத்தும் புரொப்பெல்லர்களை மட்டுமே அனுமதித்தார்கள். அதனால் சந்தையே நீண்ட காலம் இரண்டாவது வகையைச் சுற்றி வளர்ந்தது.

உயரமான இடங்களில் பறப்பவர்கள் பிட்சைப் பற்றி ஒரு தவறான எதிர்பார்ப்போடு வருவதைப் பார்க்கிறேன். பெங்களூரின் ஜக்கூர் விமானத் தளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 32 டிகிரி வெயிலில் அங்குள்ள காற்றின் அடர்த்தி, அதே வெயிலில் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. என்ஜினின் முறுக்குவிசையும் அதற்கேற்பக் குறைகிறது, புரொப்பெல்லரின் சுமையும் அதற்கேற்பக் குறைகிறது. ஆகவே ஆர்பிஎம் முள் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கும். எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். உந்துவிசை மட்டும் பத்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். இதைப் பிட்சால் மீட்க முடியாது. கார்புரேட்டரில் எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை உயரத்துக்கு ஏற்ப மாற்றுவதும், முடிந்தால் விட்டத்தைக் கூட்டுவதும், எடையைக் குறைப்பதும்தான் வழிகள்.

ஆகவே கையில் இருப்பது பி வகைக் கியர்பாக்ஸா, அதை மாற்றும் எண்ணமும் இல்லையா? நம்பகமான முன்மாதிரி அளவைத் தெரிந்துகொண்டு இரண்டு பிளேடு மரத்தை வாங்கலாம். அல்லது திருப்புத்திறன் 3000க்குள் அடங்கும் என்று எழுத்தில் உறுதி தரப்பட்ட இலகுவான கார்பனை வாங்கலாம். சி அல்லது இ வகை 3.00, 3.47 விகிதத்தில் இருக்கிறதா? தரை இடைவெளி அனுமதிக்கும் மிகப் பெரிய விட்டத்தில், தரையில் திருத்தும் கார்பனுக்கே போகலாம். பிளேடு இரண்டா மூன்றா என்பதை அந்த விட்டமே சொல்லிவிடும். 2.62 விகிதத்தில் இருப்பவர் 72 அங்குலத்துக்கு ஆசைப்பட்டால் முனை வேகம் விநாடிக்கு 237 மீட்டரைத் தாண்டிவிடும். 66 அல்லது 68 அங்குலத்தில் நின்றுகொள்வது சத்தத்துக்கும் நல்லது.

பழைய புரொப்பெல்லர் மலிவாகக் கிடைக்கிறது என்பவருக்கும் ஒரு சொல். பழைய மரத்தில் போல்ட் துளைகளைச் சுற்றி நார் நசுங்கியிருக்கிறதா, துளை கறுத்திருக்கிறதா என்று பார்த்தால் அதன் கதை பெரும்பாலும் தெரிந்துவிடும். கறுப்பு என்றால் தளர்ந்த போல்ட்டோடு ஓடி மரம் சூடேறியிருக்கிறது. கார்பன் அப்படிக் காட்டிக்கொடுக்காது. மேற்பரப்பு பளபளவென்று இருக்கும்போதே உள் அடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஒரு நாணயத்தால் அடிமுதல் முனைவரை தட்டிக்கொண்டே போனால் கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மந்தமாக மாறுவதை வைத்து ஓரளவு கண்டுபிடிக்கலாம், ஆனால் ஹப்புக்குள் மறைந்திருக்கும் பிளேடின் அடிப்பகுதியை இப்படிச் சோதிக்க முடியாது. தரையில் பட்ட செட்டிலிருந்து தப்பிய ஒரே பிளேடு என்று யாராவது விற்றால், அது எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் நான் வாங்க மாட்டேன்.